ஈப்போவில் மணி எட்டு. தென் துருவத்தில் என்ன நடக்கிறது, தெரியுமா?

ஈப்போ பழைய பட்டணத்துக் கடைகளில் வெள்ளைக் காப்பியும் ரொட்டி சானாயும் மேசைக்கு மேசை பறந்துகொண்டிருக்கும் காலை எட்டு மணி இருக்கிறதே, அது உலகம் முழுமைக்கும் குறித்துவைத்த முகூர்த்த நேரம், தெரியுமா? கிரீன்விச் கணக்கில் அப்போது சரியாக பூஜ்ய மணி. அந்த ஒரு நேரத்தின் வானத்தை அளப்பதற்காக, பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு பலூன் ஏறுகிறது. சென்னை மீனம்பாக்கத்தில் ஒன்று ஏறுகிறது. இப்படி உலகெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில்! தென் துருவத்தின் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கும் அமுன்ட்சன்-ஸ்காட் நிலையத்திலும், கோடைக்காலமானால், அதே நேரத்துக்கு ஒன்று ஏறுகிறது! இரவு எட்டு மணிக்குப் பல இடங்களில் மறுபடியும் விடுகிறார்கள். நாட்டுக்கு நாடு சண்டை இருக்கலாம், எல்லைத் தகராறு இருக்கலாம். பலூன் நேரம் மட்டும் மாறுவதில்லை.

சரி, அந்தப் பலூன் எதனால் ஆனது? சொல்லுங்கள் பார்க்கலாம். ரப்பர் பால்! நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பாரில் இறங்கி, மரத்தைக் கீறி, மங்கில் சொட்டவிட்டு, வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தார்களே, அதே மரத்தின் பால்! செயற்கை ரப்பர் எத்தனையோ வந்துவிட்டது. ஆனாலும் வானிலை பலூன்களில் பெரும்பாலானவை இன்றைக்கும் இயற்கை ரப்பர் பாலில்தான் செய்யப்படுகின்றன. தரையில் இரண்டு மீட்டர் அகலம்கூட இராது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைய, பலூன் விரிந்துகொண்டே போகிறது. 30 கிலோமீட்டர் உயரத்தில் அதன் அகலம் 8 மீட்டரையும் தாண்டும்! அப்புறம் படீரென்று வெடிக்கும். அதற்குள் அதன் வாலில் தொங்கும் சின்னப் பெட்டி வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் வானொலியில் சொல்லி முடித்திருக்கும்.

துருவக் குளிர்காலத்தில்தான் சிக்கல். கடுங்குளிரில் ரப்பர் விறைத்துப் போகும். பாதி வழியிலேயே வெடித்துவிடும். அதனால் அங்கே பலூனை எண்ணெயில் நனைத்து, இளக வைத்து, அப்புறம் விடுகிற வழக்கம் வந்தது. தென் துருவத்தில் ஓசோன் அளக்க விடும் பலூன்கள், நடுக்குளிர்காலத்தில் மட்டும் மெல்லிய பிளாஸ்டிக்குக்கு மாறிவிடும். பால்மரத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பது தென் துருவத்தில் போய்த்தான் தெரிந்திருக்கிறது!

அந்த மரத்தின் தலைமுறையே நம் பேராக்கில்தானே வேர்விட்டது! 1877-இல் ஹியூ லோ என்ற பிரிட்டிஷ் ரெசிடெண்ட், கோலகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் சில ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றுள் ஒரு மரம் இன்னமும் கோலகங்சாரில் வேலி போட்டுப் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் இறங்கிப் பாருங்கள். அந்தக் கன்று மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், ஐரோப்பாவில் ஒருவர் உலக நாடுகளையெல்லாம் துருவத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கதைக்கு இதோ வந்துவிடுகிறேன்.

அதற்குமுன் ஒரு வியப்பு. குளிர் என்றால் துருவம், வெப்பம் என்றால் நாம் என்றுதானே நினைக்கிறோம்? நம் தலைக்கு நேர்மேலே 17 கிலோமீட்டர் உயரத்தில் குளிர் எவ்வளவு, தெரியுமா? பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி செல்சியஸ்! அதே உயரத்தில் கோடைக்காலத் துருவத்து வானம் இதைவிட எவ்வளவோ வெதுவெதுப்பு! நிலநடுக்கோட்டுக்கு மேலே வளையம் போட்டதுபோல் இந்தக் குளிர்க்காற்று படுத்திருக்கிறது என்று 1929-இலேயே எழுதிக் காட்டியவர் யார், தெரியுமா? பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில் 1893-இல் பிறந்த கே. ஆர். இராமநாதன்! சர் சி. வி. இராமனிடம் ஆய்வு பயின்றவர். நமக்கு மேலே அந்தக் குளிர் மெல்லிய அடுக்கு; பலூன் சில நிமிடங்களில் தாண்டிவிடும். துருவத்துக் குளிர்காலத்திலோ அது கிலோமீட்டர் கணக்கில் தடித்துக் கிடக்கிறது. ரப்பர் அங்கே தோற்பது அதனால்தான்.

இப்போது அந்த ஐரோப்பியர். பெயர் கார்ல் வைபிரெக்ட், ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படை அதிகாரி. வட துருவக் கடலில் பனிக்கட்டிக்குள் கப்பலோடு மாட்டி, மீண்டு வந்தவர். வந்தவர் என்ன சொன்னார்? எந்த நாடு முதலில் கொடி நட்டது என்ற போட்டியால் அறிவியலுக்கு ஒரு பயனும் இல்லை. பல நாடுகள் துருவத்தைச் சுற்றி நிலையம் போட்டு, ஒரே காலத்தில், ஒரே முறையில், ஒரே மாதிரிக் கருவியால் அளக்க வேண்டும் என்று 1875-இல் வாதாடினார்! இன்று கேட்டால் இது சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு அது புரட்சி. காந்த ஊசி ஏன் சில இரவுகளில் துள்ளுகிறது, துருவ ஒளி எங்கிருந்து எங்கே நகர்கிறது, இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் நின்று எத்தனை வருடம் பார்த்தாலும் பிடிக்க முடியாது. பத்து இடத்தில் ஒரே மணிக்குப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

அவர் கனவு 1882-இல் பலித்தது. முதல் பன்னாட்டுத் துருவ ஆண்டு! ஆனால் பாருங்கள், வைபிரெக்ட் அதைக் காணவில்லை, 1881-இலேயே இறந்துபோனார். அந்த ஆண்டுக்காகக் கொடுத்த விலையும் கொஞ்சமல்ல. கிரீலி என்ற அதிகாரியின் தலைமையில் கனடாவின் வடகோடிக்குப் போன அமெரிக்கக் குழுவில் 25 பேர். உணவுக் கப்பல் வந்துசேரவில்லை. 6 பேர்தான் உயிரோடு வீடு திரும்பினார்கள். அந்த நிலையிலும் அவர்கள் எடுத்துவைத்த அளவுக் குறிப்புகள் தப்பின! திட்டம் போடும்போது கருவி, கால அட்டவணை மட்டும் போதாது, ஆளைத் திரும்பக் கொண்டுவரும் வழியும் அதில் இருக்க வேண்டும் என்பதை உலகம் அப்படித்தான் கற்றுக்கொண்டது.

இரண்டாம் துருவ ஆண்டு 1932-33. அடுத்தது 50 ஆண்டு கழித்துத்தான் வந்திருக்க வேண்டும். ஏன் 25 ஆண்டிலேயே வந்தது, தெரியுமா? ஓர் இரவு விருந்தால்! 1950 ஏப்ரல் 5. அமெரிக்காவின் மேரிலாந்தில் இயற்பியலாளர் ஜேம்ஸ் வான் ஆலன் வீட்டுச் சாப்பாட்டு மேசை. அவர் மனைவி சாக்லெட் கேக் செய்திருக்கிறார். பிரிட்டனிலிருந்து வந்த புவி இயற்பியலாளர் சிட்னி சாப்மன் விருந்தாளி. பேச்சுவாக்கில் லாயிட் பெர்க்னர் என்பவர், இன்னொரு துருவ ஆண்டு வைத்தால் என்ன என்று கேட்கிறார். ராக்கெட் வந்துவிட்டது, ரேடார் வந்துவிட்டது. இன்னும் எதற்குக் காத்திருப்பது? அந்தப் பேச்சு வளர்ந்து வளர்ந்து, துருவத்தை மட்டுமன்றி உலகம் முழுவதையும் அளக்கும் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டாகிவிட்டது! 1957 ஜூலை 1 முதல் 1958 டிசம்பர் 31 வரை 67 நாடுகள். பனிப்போரின் உச்சத்தில் அமெரிக்காவும் சோவியத்தும் ஒரே அட்டவணையில்!

இந்த ஏற்பாடெல்லாம் சூடுபிடித்த 1954-57 ஆண்டுகளில், உலகப் புவி இயற்பியலாளர்களின் பன்னாட்டு ஒன்றியத்துக்குத் தலைவர் யார், தெரியுமா? நம் கல்பாத்தி இராமநாதனேதான்! இந்தியாவில் புவி இயற்பியல் ஆண்டுக்கான தேசியக் குழுவை நடத்தியவரும் ஒரு தமிழர்: இராமன் விளைவுக் கண்டுபிடிப்பில் இராமனோடு கூடவே உழைத்த வத்திராயிருப்புக்காரர் கே. எஸ். கிருஷ்ணன். துருவ ஆய்வு என்றதும் தாடியில் பனி உறைந்த வெள்ளைக்காரர் படம்தான் நம் கண்ணில் வருகிறது. அந்தப் படத்தில் இவர்கள் இருவரையும் சேர்த்துவைக்க வேண்டாமா?

அந்தப் புவி இயற்பியல் ஆண்டு நடந்துகொண்டிருக்கும்போதே 1957 ஆகஸ்டு 31 வந்தது. மெர்டேக்கா! ஐந்து வாரத்தில் ஸ்புட்னிக் மேலே போனது. அதே மாதங்களில் அண்டார்டிகாவில் ஹாலி பே என்ற பிரிட்டிஷ் நிலையத்தில், இந்த ஆண்டுக்காகவே கொண்டுபோய் வைத்த டாப்சன் கருவி ஓசோனை அளக்கத் தொடங்கியிருந்தது. ஆண்டு முடிந்தது; அளவு நிற்கவில்லை. வருடக்கணக்காக யாரும் பெரிதாகக் கவனிக்காத எண்கள். 1985 மே மாதம் அதே எண்களை வைத்துத்தான் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டையை உலகுக்குச் சொன்னார்கள்! பதினெட்டு மாதத் திட்டத்துக்கு வைத்த கருவி, கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து உலகத்தையே காப்பாற்றியது. இரண்டே ஆண்டில் மான்ட்ரியால் உடன்பாடு. 1989-இல் மலேசியாவும் அதில் இணைந்தது. குளிர்பெட்டிகளில் ஓசோனைத் தின்னும் வாயுவைப் பயன்படுத்துவது மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. வாழ்நாள் முழுதும் ஓசோனை ஆராய்ந்து, உலக ஓசோன் ஆணையத்துக்கே தலைமை வகித்த இராமநாதன் இந்தச் செய்தியைக் கேட்க இல்லை, 1984-இல் காலமாகிவிட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

புவி இயற்பியல் ஆண்டின் இன்னொரு பிள்ளை, அண்டார்டிகா உடன்படிக்கை. 1959 டிசம்பர் 1-இல் 12 நாடுகள் கையெழுத்திட்டன. படை கூடாது, அணுவெடி கூடாது, ஆய்வு முடிவுகளை ஒளிக்கக் கூடாது, நிலத்துக்குப் புதிதாக உரிமை கோரக் கூடாது. ஒரு கண்டம் முழுவதும் அறிவியலுக்கென்றே ஒதுக்கப்பட்டது!

ஆனால் உடன்படிக்கைக்குள் இருந்த சில நாடுகள் மட்டும் ஏன் முடிவு செய்ய வேண்டும்? இதை உலக மேடையில் உரக்கக் கேட்ட நாடு எது, தெரியுமா? மலேசியா! 1982 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பிரதமர் மகாதீர், அண்டார்டிகா மனித குலத்துக்கே பொதுச்சொத்து என்று முழங்கினார். மறு ஆண்டே அது ஐ.நா.வின் நிகழ்ச்சி நிரலில் ஏறியது. பனியே விழாத நாடு, பனிக்கண்டத்தைப் பற்றி வல்லரசுகளை மடக்கிக் கேள்வி கேட்டது! அதே 1983-இல் இந்தியா வேறு வழியில் போனது: உடன்படிக்கையில் சேர்ந்து, முடிவெடுக்கும் நாடுகளுள் ஒன்றாக உள்ளே அமர்ந்துகொண்டது. 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட, காசிம் என்பவர் தலைமையிலான இந்தியக் குழுவின் 21 பேர் 1982 ஜனவரியில் அண்டார்டிகாவில் கால் வைத்திருந்ததால் கிடைத்த இடம் அது. யார் செய்தது சரி? என்னைக் கேட்டால் இரண்டும் தேவைப்பட்டன. வெளியிலிருந்து கேட்ட கேள்வியால்தான் உள்ளே இருந்தவர்கள் கதவைக் கொஞ்சம் அகலத் திறந்தார்கள்.

மலேசியாவும் மெல்லத் திரும்பியது. 1997-இல் அரசு அண்டார்டிகா ஆய்வுத் திட்டத்தைக் கையில் எடுத்தது. 1999-இல் நம் அறிவியலாளர்கள் நியூசிலாந்தின் ஸ்காட் நிலையத்துக்குப் போனார்கள். 2002-இல் மகாதீரே அண்டார்டிகாவுக்குப் போய்ப் பார்த்தார்! துருவ ஆய்வைத் திட்டமிட்டு இணைக்கும் பன்னாட்டு அறிவியல் குழுவான ஸ்காரில் 2004-இல் துணை உறுப்பினர், 2008-இல் முழு உறுப்பினர். 2011-இல் உடன்படிக்கையிலும் கையெழுத்து. 2016 ஆகஸ்டில் ஸ்காரின் உலக மாநாடே கோலாலம்பூரில்! பெங்குவின் ஆராய்பவர்களும் பனிப்பாறை துளைப்பவர்களும் நம் ஊர் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது எது, தெரியுமா? மலேசியாவுக்கு அண்டார்டிகாவில் சொந்தமாக ஒரு குடில்கூடக் கிடையாது! நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிலி, அர்ஜென்டினா, கொரியா, பிரிட்டன் என்று பிறர் நிலையங்களில் இடம் கேட்டு, தங்கி, சேர்ந்து உழைத்துத்தான் இவ்வளவும். அப்படியானால் நாம் கொண்டுபோவது என்ன? நம்மிடம் இருப்பது வெப்பமண்டலம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஃபாங் சியூ மோயும் அவரோடு சேர்ந்து உழைத்த சூ வான் லோய் போன்றவர்களும் அண்டார்டிகாப் பாசியையும் நம் குளத்துப் பாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து, சூட்டுக்கும் புற ஊதாக் கதிருக்கும் இரண்டும் எப்படித் தாங்குகின்றன என்று பார்த்தார்கள். வானிலையாளர் அசிசான் அபு சாமா துருவத்துக் காற்றையும் நம் பருவமழைக் காற்றையும் சேர்த்தே ஆராய்ந்தவர். துருவத்தில் மட்டும் இருப்பவர்களுக்கு இந்த இன்னொரு பாதி கிடைக்காது.

இன்னும் கேளுங்கள். துருவப் பனிக்குள் நம் பேராக்கோடு தொடர்புள்ள ஓர் அடையாளம் இருக்கிறது! சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவில் தோபா எரிமலை வெடித்தது. 350 கிலோமீட்டருக்கு அப்பால் நம் லெங்கோங் பள்ளத்தாக்கில் சாம்பல் கொட்டியது. கோத்தா தம்பானில் கல்லை உடைத்து ஆயுதம் செய்துகொண்டிருந்த மனிதர்களின் பட்டறை மண்ணோடு அந்தச் சாம்பல் இன்னமும் கிடக்கிறது. வெளிறிய, பொடிப்பொடியான சாம்பல். உருப்பெருக்கியில் பார்த்தால் அத்தனையும் எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள். 1987-இல் சுரைனா மஜீது அங்கே தோண்டி ஆராய்ந்தார். 2012-இல் லெங்கோங் உலக மரபுச் சின்னமானது. சரி, துருவத்துக்கும் இதற்கும் என்ன? அந்த வெடிப்பு கக்கிய கந்தகம் உலகைச் சுற்றிப் போய் இரு துருவங்களின் பனியிலும் படிந்திருக்க வேண்டும் அல்லவா? வட துருவத்துக் கிரீன்லாந்தில் துளைத்தெடுத்த பனித்தூணையும் தென் துருவத்து அண்டார்டிகாவில் துளைத்தெடுத்த பனித்தூணையும் பக்கத்தில் வைத்து, கந்தக அடுக்குகள் ஒரே வரிசையில் வருகின்றனவா என்று பல நாட்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டு, தோபாவாக இருக்கக்கூடிய அடுக்குகளை 2013-இல் அடையாளம் காட்டினார்கள். ஒரு துருவத்துப் பனி மட்டும் இருந்தால் இது நடக்குமா? ஒரு நாட்டின் பனி மட்டும் இருந்தால்?

பனிக்கும் பேராக்குக்கும் அதைவிடப் பழைய உறவும் உண்டு. ஈப்போ நிற்கும் நிலத்துண்டு, 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டியிருந்த கோண்டுவானாவின் ஓரத்தில் இருந்தது! அதே நிலத்துண்டைச் சேர்ந்த லங்காவியில், மிதக்கும் பனிக்கட்டிகள் உருகிக் கடலடிச் சேற்றில் போட்டுவிட்டுப் போன கற்கள் இன்றும் பாறைக்குள் பதிந்திருக்கின்றன. 1903-இல் பத்து காஜாவில் அலுவலகம் போட்ட அரசாங்கப் புவியியலாளர் ஸ்கிரிவனர், கோப்பெங் ஈயவயல் களிமண்ணே பனியாறு கொண்டுவந்ததுதான் என்று வாதாடினார்! மற்றவர்கள் மறுத்தார்கள், அந்தக் கருத்து நிற்கவில்லை. ஆனாலும் வெயில் கொளுத்தும் கிந்தா பள்ளத்தாக்கில் நின்றுகொண்டு பனியாற்றை நினைத்த அந்த மனத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை.

கிரீன்லாந்துப் பனி உருகினால் கிரீன்லாந்துக் கரையில் கடல் ஏறுமா, இறங்குமா? இறங்கும்! அவ்வளவு பெரிய பனிமலை தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் பிடி தளரும். நீர் விலகிப் போகும். எங்கே போகும்? தொலைவிலுள்ள கரைகளுக்கு! அண்டார்டிகாவுக்கும் இதே கணக்குத்தான். அதனால் நிலநடுக்கோட்டுப் பக்கம் கடல் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஏறும். பாகான் டத்தோவில் தென்னந்தோட்டங்களைக் காக்க மண்கரை கட்டிப் போராடும் நம் ஆட்களுக்குத் துருவம் பக்கத்து ஊர் மாதிரிதான். அண்டார்டிகாவின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 58 மீட்டர் ஏறும் என்பது கணக்கு. அது நாளை நடக்கப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு சென்டிமீட்டரும் எப்போது வரும் என்பதைச் சொல்ல, அங்கே அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

குவாலா கூலா சேற்றுக்கரைக்குப் போயிருக்கிறீர்களா? செப்டம்பர் தொடங்கினால் அங்கே சின்னச் சின்ன உள்ளான்கள் வந்திறங்கும். சில வகைகள் 30 கிராம்கூட இருக்காது! எங்கிருந்து வருகின்றன? சைபீரியாவின் ஆர்க்டிக் சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு வருகின்றன! அவற்றின் சொந்தங்கள் இன்னொரு பாதையில் தமிழ்நாட்டுக் கோடியக்கரைக்கும் வருகின்றன. பறவை குஞ்சு பொரிக்கும் இடம் ஒரு நாடு, இளைப்பாறும் இடங்கள் பல நாடுகள். எந்த நாடு தனியாகக் காப்பாற்றும்? அதற்காகவே ஆர்க்டிக் நாடுகளும் வழியிலுள்ள ஆசிய நாடுகளும் சேர்ந்து திட்டம் போடுகின்றன. மலேசியாவும் இந்த வான்வழிக் கூட்டணியில் உறுப்பினர். ஆக, குவாலா கூலாவில் தொலைநோக்கியும் கையுமாகப் பறவை எண்ணுகிறவர், ஆர்க்டிக் ஆய்வில் கலந்துகொள்கிறவர்தான்!

வட துருவப் பக்கம் சென்னையின் கைவண்ணமும் இருக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம். பக்கத்துக் கடற்கழியில் 2014-இல் 192 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிய இண்டார்க் என்ற அளவுக் கருவித் தொகுதியை உருவாக்கியதில் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரும் பங்கு. 2024 மே மாதம் அண்டார்டிகா உடன்படிக்கை நாடுகளின் 46-ஆவது கூட்டம் எங்கே நடந்தது? கொச்சியில்! துருவத்தைப் பற்றிய பேச்சு நம் கரைப் பக்கம் வந்துவிட்டது.

அடுத்த முகூர்த்தமும் குறித்தாயிற்று, தெரியுமா? 2032-33. ஐந்தாவது பன்னாட்டுத் துருவ ஆண்டு! வைபிரெக்ட்டின் முதல் ஆண்டுக்கு அப்போது 150 வயது. ஸ்காரும் வடதுருவ அறிவியல் குழுவும் உலக வானிலை அமைப்பும் இப்போதே உட்கார்ந்து திட்டம் தீட்டுகின்றன. எதை அளப்பது, எந்தக் கருவி, யார் எங்கே, எடுத்த தரவை எப்படி எல்லாருக்கும் திறந்துவைப்பது என்று பட்டியல் போடுகிறார்கள். நான்காவது துருவ ஆண்டான 2007-08-க்குத் திட்டம் போட்டபோது 60-க்கும் மேற்பட்ட நாடுகள் கைகோத்தன. இம்முறை வெப்பமண்டல நாடுகளின் குரலும் ஓங்கி ஒலிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்றைக்குக் கம்பாரிலோ தெலுக் இந்தானிலோ சுங்கை சிப்புட்டிலோ படிவம் மூன்றில் இருக்கிற பிள்ளை, அப்போது பல்கலைக்கழகத்தில் இருப்பாள். அவளுக்குப் பனியில் நடக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கணிதம், உயிரியல், வேதியியல், கணினி, மின்னணுவியல் என்று எதில் தேர்ந்தாலும் துருவ ஆய்வில் அதற்கு வேலை இருக்கிறது. மலேசியா ஸ்காரில் முழு உறுப்பினர் என்பதால் அதன் இளம் ஆய்வாளர் நிதிக்கு நம் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். உள்நாட்டிலேயே 2012-இல் அமைந்த சுல்தான் மிசான் அண்டார்டிகா ஆய்வு அறவாரியம் துருவ ஆய்வுக்கு நிதி கொடுக்கிறது. இளம் துருவ ஆய்வாளர்களுக்கென்றே ஓர் உலகச் சங்கமும் உண்டு, பெயர் ஏபெக்ஸ். சென்ற துருவ ஆண்டையொட்டி மாணவர்களே தொடங்கியது. சேரக் கட்டணம் கிடையாது!